கண்ணுக்கா, காலுக்கா?

வீட்டின் உறுப்புகளுள் மனித உடல் ஓயாது தொட்டுக்கொண்டிருப்பது தரை ஒன்றே. சுவரைச் சாயும்போது தொடுகிறான். கூரையை வாழ்நாளில் ஒருமுறைகூடத் தொடாமல் இறப்பவர் பலர். தரையையோ, விழித்தெழும் கணம் முதல் படுக்கச் செல்லும் கணம் வரை அவன் உள்ளங்கால் அறிந்துகொண்டே இருக்கிறது. ஆயினும் தரைக்கு ஓடு வாங்கச் செல்லும் நாளில் உள்ளங்காலிடம் கருத்துக் கேட்பார் எவரும் இலர். கடையில் ஓடுகள் சுவரில் சாய்த்தும் சட்டத்தில் நிமிர்த்தியும் காட்டப்படுகின்றன. விளக்கொளி அவற்றின்மேல் பாய்கிறது. கண் பார்க்கிறது, கண்ணே முடிவு செய்கிறது. நாளை அதன்மேல் நடக்கப்போகும் கால், அந்நேரம் காலணிக்குள் அடைபட்டுக் கிடக்கிறது.

ஓடு வாங்குவதில் அறம் எங்கே வந்தது என்று வினவலாம். ஒரு முடிவின் இன்பத்தை ஒருவரும் அதன் துன்பத்தை வேறொருவரும் பெறுவாராயின், அங்கே அறத்தின் வினா பிறந்துவிடுகிறது. பொருள் சிறிதா பெரிதா என்பது பற்றி அவ்வினா கவலைப்படுவதில்லை.

மலாக்கா மாநிலத்தின் ஜாசின் மாவட்டத்தில் உள்ளது செலண்டார். ரப்பரும் செம்பனையும் சூழ்ந்த வட்டாரம். இங்கும், ஜாசின், பத்தாங் மலாக்கா, மெர்லிமாவ் ஆகிய ஊர்களிலும் தோட்டத்தை விட்டு வெளியேறிய தமிழ்க் குடும்பங்கள் பல, தாமான்களின் வரிசை வீடுகளில் வாழ்கின்றன. முன்புறம் குறுகி உட்புறம் நீண்டு செல்லும் வீடுகள் அவை. தீபாவளிக்கு இரண்டு மூன்று திங்கள்களுக்கு முன்பே அவற்றுள் சிலவற்றின் வாயிலில் மணற்குவியலும் சிமெண்டு மூட்டைகளும் வந்து இறங்கும். பழைய சிமெண்டுத் தரையோ, ஓரடிச் சதுர ஓடோ உடைபடும். அவ்விடத்தில் இப்போது பெரும்பாலோர் விரும்புவது நீள்சதுர ஓடு. முப்பதுக்கு அறுபது சென்டிமீட்டர், அறுபதுக்கு நூற்றிருபது சென்டிமீட்டர் என்னும் அளவுகளில் அது வருகிறது. குறுகிய வீட்டில் அதனை நீளவாக்கில் பதித்தால் கூடம் மேலும் நீண்டதுபோல் தோன்றும். ஓடு பெரிதாகப் பெரிதாக இணைப்புக் கோடுகள் குறையும்; தரை ஒரே பரப்பாய்க் காட்சி தரும். விருப்பத்திற்குக் காரணம் இல்லாமல் இல்லை.

அந்த விருப்பத்தை ஆடம்பரம் என்று ஒரே சொல்லால் ஒதுக்கிவிடுவது நேர்மையன்று. தோட்டத்து லயங்களில் வாழ்ந்தவர்கள் மூன்று தலைமுறைகளாகத் தங்கள் தரையைத் தாங்கள் தேர்ந்தெடுத்ததில்லை. தரை பலகையா, சிமெண்டா, மண்ணா என்பதை நிருவாகம் முடிவு செய்தது. தோட்ட வீட்டுக்குரிய குறைந்தபட்சத் தரத்தை வரையறுத்து 1966இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அதன் இடத்தில் 1990இல் விரிவான வேறொரு சட்டம் வந்தது. ஒரு தொழிலாளியின் வீடு எப்படி இருக்க வேண்டும் என்பதைச் சட்டமும் கம்பெனியும் பேசிக்கொண்டிருந்த காலத்தில், அவ்வீட்டில் சாணமிட்டு மெழுகிய பெண்ணிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. வேலை நின்றால் வீடும் போகும் என்ற நிலையில் அவளும் எதுவும் கேட்கவில்லை. அவளுடைய பேரன் இன்று கடையில் நின்று, “இது வேண்டா, அதைக் காட்டுங்கள்” என்கிறான். அந்தச் சொற்றொடருக்குள் ஒரு வரலாறு இருக்கிறது. அதனை மதிக்க வேண்டும். மதித்த பின்னர், அவன் யாருக்காகத் தேர்ந்தெடுக்கிறான் என்றும் கேட்க வேண்டும். கேட்கப்படாத பெண்ணின் வழியில் வந்தவன், தன் வீட்டில் இன்னொருத்தியைக் கேட்காமல் விடலாகாது அன்றோ?

கண் எவ்வாறு காலை ஏமாற்றுகிறது என்பதற்கு நீள்சதுர ஓடே நல்ல சான்று. செங்கல் சுவரில் ஒரு வரிசையின் இணைப்பு, கீழ்வரிசைக் கல்லின் நடுவில் வந்து அமைவதைப் பலரும் கண்டிருப்பர். அதே முறையில் நீண்ட ஓட்டைத் தரையில் பதித்தால் அழகாக இருக்கும் என்று பலர் கேட்டு வாங்கிச் செய்கின்றனர். ஆனால் ஓடு என்பது ஆயிரத்திருநூறு பாகை செல்சியசு அளவுக்கு வெந்து வெளிவரும் மண். சூளையில் வேகும்போது நீண்ட ஓட்டின் நடுப்பகுதி மயிரிழையளவு உயர்ந்துவிடுவது உண்டு. அது குறைபாடாகக் கருதப்படுவதில்லை, மண்ணின் இயல்பு. செங்கல் முறையில் பதிக்கும்போது, ஓர் ஓட்டின் உயர்ந்த நடுப்பகுதிக்கு அருகில் அடுத்த ஓட்டின் தாழ்ந்த முனை வந்து நிற்கிறது. விளைவு, ஒரு சிறு விளிம்பு. கண்ணுக்கு அது தெரியாது. பக்கவாட்டில் வெயில் விழும் மாலையில் மட்டும் நிழற்கோடாய்த் தெரியலாம். காலைத் தூக்கி வைக்க இயலாமல் இழுத்து நடக்கும் முதியவரின் கட்டைவிரலுக்கோ அது நாள்தோறும் தெரியும். இதனால்தான் அமெரிக்க நாட்டின் ஓடு பதிக்கும் தரவிதி, ஒரு பக்கம் 15 அங்குலத்திற்கு மேற்பட்ட ஓடுகளை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தள்ளிப் பதிக்கலாகாது என்கிறது. பாதிக்குப் பாதி தள்ளும் அழகு சிறிய ஓட்டுக்கும் சுவருக்கும் உரியது. அனுபவமுள்ள கொத்தனார் இதனை அறிவார். வீட்டுக்காரர் படத்தைக் காட்டி வற்புறுத்தும்போது அவர் வாதாடுவதில்லை. கூலி தருபவர் சொல்லைத் தட்டுவானேன் என்று பதித்துவிட்டுப் போகிறார்.

வழுக்கும் தன்மையிலும் இதே நிலைதான். ஓட்டுப் பெட்டியின்மேல் ‘ஆர் 9’, ‘ஆர் 10’ என்பன போன்ற குறிகள் அச்சிடப்பட்டிருக்கும். எண் ஏற ஏற வழுக்கல் குறையும் என்று கடைக்காரர் விளக்குவார். அது உண்மையே. ஆயினும் அவ்வளவை எப்படி எடுத்தார்கள் என்பதை அறிய வேண்டும. செருமானிய நாட்டில் வகுக்கப்பட்ட அந்தச் சோதனையில், எண்ணெய் தடவிய சாய்தளத்தின்மேல் ஒருவர் தொழிற்சாலைக் காலணி அணிந்து நடக்கிறார். தளத்தின் சாய்வைக் கூட்டிக்கொண்டே போய், எந்த நிலையில் அவர் தடுமாறுகிறார் என்று அளக்கிறார்கள். வெறுங்காலுக்கென்று வேறொரு சோதனை உண்டு. அதில் சோப்பு நீர் ஓடும் தளத்தில் வெறுங்காலோடு நடந்து பார்த்து ‘ஏ’, ‘பி’, ‘சி’ என்று தரம் பிரிக்கின்றனர். தமிழர் வீட்டில் வாயிலிலேயே காலணியைக் கழற்றிவிடுகிறோம் என்று பெருமையோடு சொல்லிக்கொள்ளும் சமுதாயம், காலணிக்காரரின் அளவைக் கொண்டு தன் தரையை வாங்கிக்கொண்டிருக்கிறது. குளியலறைக்கு ஓடு எடுக்கும்போதேனும் வெறுங்காலின் தரம் என்ன என்று கேட்பது நல்லது. எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் பழக்கம் உள்ள வீடாயின் இருமுறை கேட்கலாம்.

இவ்வளவு அஞ்ச வேண்டுமா என்று சிலர் நகைப்பர். உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, ஆண்டுதோறும் ஏறத்தாழ 6,84,000 பேர் கீழே விழுவதால் மாள்கின்றனர். அவர்களுள் மிகப் பெரும் பகுதியினர் 60 வயதைக் கடந்தவர்கள். மலேசியத் தமிழர்க்கு இதில் தனிக் கவலை ஒன்று உண்டு. 2019ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வு, இந்நாட்டின் வயதுவந்தோருள் நூற்றுக்கு 18.3 பேருக்கு நீரிழிவு இருப்பதாகக் கண்டது. இனங்களை ஒப்பிடும்போது இந்தியரிடையே அது மிகுந்திருந்தது. நீரிழிவு நாள்பட்டால் கால் நரம்புகள் உணர்ச்சியை இழக்கும். அந்தக் காலுக்குத் தரை ஈரமாய் இருப்பதும் தெரியாது. விளிம்பு உயர்ந்திருப்பதும் தெரியாது. இடித்துப் புண்ணான பின்னும் சில நேரங்களில் தெரியாது. பளபளக்கும் தரையில் ஈரம் தனித்துத் தெரிவதும் இல்லை. கண்ணாடி போன்ற தரை வேண்டும் என்று மகன் ஆசைப்படும் அதே வீட்டில், இப்படிப்பட்ட கால் ஒன்றேனும் இருப்பதற்கு இடமுண்டு.

இங்கே ஒரு மெய்யியலாளரின் கருத்து துணைக்கு வருகிறது. அமெரிக்கரான ஜான் ரால்ஸ், 1971இல் வெளியான ‘நீதிக் கோட்பாடு’ என்னும் நூலில் ஒரு கற்பனையை முன்வைத்தார். ஒரு சமுதாயத்தின் விதிகளை வகுக்கப் பலர் கூடுகின்றனர். அச்சமுதாயத்தில் தாம் யாராகப் பிறக்கப்போகிறோம், செல்வராகவா ஏழையாகவா, வலியவராகவா நோயாளியாகவா என்பதை அறியாதபடி அவர்கள்முன் ஓர் அறியாமைத் திரை தொங்குகிறது. அந்நிலையில் அறிவுடையோர், மிகத் தாழ்ந்த இடத்தில் இருப்பவரும் தாங்கக்கூடிய விதிகளையே வகுப்பர் என்பது அவர் வாதம். ரால்ஸ் பேசியது ஒரு நாட்டின் அடிப்படை அமைப்பைப் பற்றி. குளியலறையைப் பற்றி அன்று. ஆயினும் அந்தத் திரையை ஓட்டுக் கடையின் வாயிலில் தொங்கவிட்டுப் பார்ப்பதில் தவறில்லை. கடைக்குள் நுழைபவர், நாளை அந்த வீட்டில் தாம் முப்பது வயது மகனாக இருப்பாரா, எண்பது வயதுத் தாயாக இருப்பாரா, தவழும் குழந்தையாக இருப்பாரா, ஒன்பதாம் திங்களில் நடக்கும் மருமகளாக இருப்பாரா என்பதை அறியார் என்று கொள்வோம். அப்போது அவர் எந்த ஓட்டை எடுப்பார்? பளபளப்பை எடுப்பாரா? உண்மையில், இந்தத் திரை கற்பனையும் அன்று. முப்பது வயது மகன் உயிரோடிருந்தால் அந்தத் தரையின் மேலேயே எழுபது வயதை அடைவான். நல்ல ஓடு நாற்பதாண்டு எளிதில் உழைக்கும்.

இதற்கு எதிராக ஒரு வலுவான கருத்து உண்டு. விருந்தோம்பல் தமிழரின் தலையாய அறங்களுள் ஒன்று. வள்ளுவர் அதற்கு ஓர் அதிகாரமே ஒதுக்கினார். வருபவர் கண் மகிழ வீட்டை அழகுபடுத்துவது அந்த அறத்தின் பகுதியன்றோ? தீபாவளியன்று எல்லா இனத்தாரும் வந்து போகும் திறந்த இல்லம் இந்நாட்டின் நல்ல வழக்கம். அன்று வீடு பொலிவாய் இருப்பது வெறும் வீண்பெருமையா? மேலும், அழகையே வெறுத்துப் பயனை மட்டும் போற்றும் வீடு மருத்துவமனை போலாகிவிடாதா?

இக்கேள்விகள் நியாயமானவை. விடை, மலாக்கா நகரிலேயே இருக்கிறது. முன்பு ஹீரன் தெரு என்றும் இன்று துன் டான் செங் லாக் சாலை என்றும் வழங்கும் தெருவின் பெரனாக்கான் வீடுகளைப் பார்க்கலாம். முகப்புச் சுவரில், சன்னலுக்குக் கீழே, பூவும் கொடியும் புடைத்து நிற்கும் வண்ண மெருகு ஓடுகள். இங்கிலாந்திலிருந்தும் பின்னர் ஜப்பானிலிருந்தும் கப்பலேறி வந்தவை அவை. உள்ளே சென்றால் பல வீடுகளில் தரையில் மெருகில்லாத சுட்ட மண் ஓடு. செல்வம் இல்லாமலா தரைக்கு மண்ணோட்டைப் போட்டனர்? மெருகு ஓடு மென்மையானது. மிதித்தால் கீறும், ஈரத்தில் வழுக்கும். ஆகவே கண்ணுக்குரியதைச் சுவரில் வைத்தனர். காலுக்குரியதைத் தரையில் வைத்தனர். இரண்டுக்கும் அவரவர் இடம். மலாயாவிலும் பர்மாவிலும் இலங்கையிலும் வட்டித்தொழில் செய்து ஈட்டிய பொருளால் செட்டிநாட்டில் மாளிகை எழுப்பிய நகரத்தார் வீடுகளில் வேறொரு விடை கிடைக்கிறது. அங்கே தரையே ஓவியம். ஆத்தங்குடியில் கண்ணாடித் தகட்டின்மேல் சட்டம் வைத்து, வண்ணச் சாந்து ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் இட்டு, தண்ணீரில் ஊறவைத்து எடுக்கும் ஓடு அது, சூளைக்கே போவதில்லை. நடக்க நடக்க மெருகேறும் என்று அதனைப் புகழ்வர். ஈரத்தில் அதுவும் வழுக்கும் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். எனினும் கால் படுவதால் அழகு குறையாமல் கூடும் என்ற எண்ணம் போற்றத்தக்கது. இவை எல்லாவற்றிற்கும் முன்னோடி வாயிற்கோலம். தமிழ்ப்பெண் தரைக்குச் செய்த அழகு அது. எறும்புக்கு உணவாகும், மிதிபட்டு அழியும், மறுநாள் மீண்டும் பிறக்கும். என்மேல் நடக்காதே என்று அது ஒருவரையும் தடுப்பதில்லை. விருந்தினரும் காலோடுதான் வருகின்றனர் என்பதையும் மறந்துவிடலாகாது. அவருள் ஒரு முதியவர் வழுக்கி விழுந்த வீட்டில் எந்த முறுக்கும் இனிக்காது.

அப்படியாயின் மிகச் சொரசொரப்பான ஓட்டை வீடு முழுதும் பதித்துவிட்டால் அறம் நிறைவேறியதா? இல்லை. காலுக்காக வாதாடுவோர் மறக்கும் உறுப்பு ஒன்று உண்டு: தரையைத் துடைக்கும் கை. சொரசொரப்பின் சிறு பள்ளங்களில் அழுக்குப் படியும். அடுப்படியில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறும். அதைத் தேய்த்து எடுப்பவர், பெரும்பாலான வீடுகளில், ஓட்டைத் தேர்ந்தெடுக்காத ஒரு பெண். மாமியாரின் காலைக் காப்பதற்காக மருமகளின் முதுகை ஒடிப்பது நீதியாகாது. ஆகவே ஒரே விடை எல்லா அறைக்கும் பொருந்துவதில்லை. ஈரம் படாத கூடத்திற்கு மினுமினுப்பில்லாத மிதமான ஓடு போதும்; அது துடைக்கவும் எளிது. குளியலறைக்குச் சொரசொரப்பு வேண்டும்; அங்கே ஓடும் சிறிதாய் இருக்க வேண்டும். நீர் வடிகுழியை நோக்கி நாற்புறமும் சரிய வேண்டிய தரையில் பெரிய நீள்சதுர ஓடு வளைந்து கொடுக்காது. வெட்டி ஒட்டினால் உண்டு, இல்லையேல் தண்ணீர் தேங்கும். சிறிய ஓட்டில் இணைப்புக் கோடுகள் மிகுதி; ஒவ்வொரு கோடும் காலுக்கு ஒரு பிடி. கூடத்தில் குறை என்று கருதப்பட்ட கோடு குளியலறையில் காவலாகிறது.

வீட்டார் அல்லாத ஒருவரும் இந்தக் கணக்கில் வருகிறார். ஓடு வெட்டும் தொழிலாளி அவர். பெரும்பாலும் வேற்று நாட்டிலிருந்து பிழைக்க வந்தவர். ஓட்டின் மண்ணில் படிகச் சிலிக்கா உண்டு. நீர் விடாமல் உலர்ந்த நிலையில் இயந்திரத்தால் அறுக்கும்போது எழும் வெண்புழுதி நுரையீரலில் தங்கி, ஆண்டுகள் கழித்து மூச்சைப் பிடிக்கும். தங்கிய பின் அதை நீக்கும் மருந்து இல்லை. சமையலறை மேடைக்குரிய செயற்கைக் கல்லில் சிலிக்கா மிக அதிகம் என்பதால், ஆஸ்திரேலியா 2024 சூலை முதல் நாளிலிருந்து அக்கல்லையே தடை செய்தது. ஓட்டுக்கு அத்தகைய தடை இல்லை. தேவையும் இல்லை எனலாம். நீர் சொட்டும் இயந்திரமும் முகக்கவசமும் இருந்தால் புழுதி பெரிதும் அடங்கும். ஆனால் அதற்கு நேரம் பிடிக்கும். தீபாவளிக்கு இன்னும் பத்து நாள்தான் என்று குத்தகையாளரை நெருக்கும் வீட்டில், வாயிற்படியில் குந்தி, துணியை மூக்கில் கட்டிக்கொண்டு ஒருவர் உலர்வெட்டு வெட்டுவதைக் காணலாம். குறுக்குக் கோணத்தில் பதித்தால் இன்னும் அழகு என்று வீட்டுக்காரர் விரும்பினால் வெட்டும் கூடும், கழிவும் கூடும். இரண்டு மாதம் முன்னதாகத் தொடங்குவது, நீர்வெட்டு வேண்டும் என்று குத்தகையிலேயே எழுதுவது ஆகிய இரண்டும் பெருஞ்செலவு பிடிக்காதவை.

மீண்டும் கடைக்கு வருவோம். அங்கே செல்பவர் யார்? சம்பாதிக்கும் மகன் செல்கிறான், சில வேளைகளில் மனைவியும் உடன் செல்கிறாள், குத்தகையாளர் வழிகாட்டுகிறார். அம்மாவை அழைத்துச் செல்வதில்லை. “உங்களுக்கு எதற்கம்மா அலைச்சல், வீட்டிலேயே இருங்கள்” என்று அன்போடு சொல்லிவிட்டுப் போகிறார்கள். அன்பு உண்மையானதுதான். ஆயினும் கேட்காத அன்பு ஒருவகையில் பழைய நிருவாகத்தின் வழியையே பின்பற்றுகிறது; அதுவும் தொழிலாளியின் நன்மையை நினைத்தே வீடு கட்டியதாகச் சொன்னது. அம்மாவால் கடைவரை வர இயலாது என்றால் கடையை அவரிடம் கொண்டுவரலாம். மாதிரி ஓடு ஒன்றிரண்டைக் கேட்டால் பெரும்பாலான கடைக்காரர் மறுப்பதில்லை; விலை கொடுத்தாலும் சில வெள்ளிதான். அவற்றைக் குளியலறை வாசலில் கிடத்தி, தண்ணீர் ஊற்றி, கொஞ்சம் சோப்பு நுரையும் விட்டு, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு நிற்கச் சொல்ல வேண்டும். துடைக்கும் மருமகள் எண்ணெயைச் சிந்தித் துடைத்துப் பார்க்க வேண்டும். இருவரும் சம்மதிக்கும் ஓடுகள் மூன்றோ நான்கோ மிஞ்சும்.

அந்த மூன்று நான்கிற்குள் எந்த நிறம் என்பது வேறு வழக்கு. வழுக்கலில் அம்மாவின் சொல்லே சட்டம் என்பதால் நிறத்திலும் அவர் சொல்லே சட்டம் என்று ஆகிவிடாது. அவர் காவி நிறம் கேட்பார், பேரன் சாம்பல் நிறம் கேட்பான், மருமகள் அழுக்குத் தெரியாத நிறம் கேட்பாள். அங்கே யாருக்கும் எலும்பு முறியப் போவதில்லை. ஆகவே வீட்டில் உள்ள அனைவரும் உட்கார்ந்து வாதாடலாம், விட்டுக்கொடுக்கலாம், சீட்டுக் குலுக்கியும் பார்க்கலாம். கண்ணுக்கு உரிய நேரம் அது.